கழுதையோடு போனவரும் காடாகிப் போன ஊர்களும்

பிரான்ஸ் என்றவுடன் ஈஃபில் கோபுரமும், செண்ட் பாட்டிலும், கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகிற நீள ரொட்டியும்தான் பலருக்கு ஞாபகம் வரும். அதே நாட்டின் தென்பாதியில், பெரிய சாலைகள் எல்லாம் ஒதுங்கிப் போகிற ஒரு மலைப்பகுதி இருக்கிறது. பெயர் செவென். காடு, காட்டுக்கு நடுவே கல்லால் கட்டிய ஒரு கிராமம், மறுபடி காடு, குன்றின் மேல் இடிந்த கோட்டை, மறுபடி காடு... இப்படியே பத்துப் பன்னிரண்டு நாள் நடக்கலாம். வருடா வருடம் ஆயிரக்கணக்கானவர்கள் நடக்கவும் செய்கிறார்கள். அதில் சிலர் கூடவே ஒரு கழுதையை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு போகிறார்கள்!

இவ்வளவு முன்னேறிய நாட்டில் கழுதை எதற்கு என்று கேட்கிறீர்களா? அதற்கு ஒரு கதை இருக்கிறது. கதை தொடங்குவது 1878-ல்.

65 பிராங்க் கழுதை

ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் என்றால் பலருக்கும் 'புதையல் தீவு' ஞாபகம் வரும். ஆனால் 1878-ல் அந்தக் கதை எழுதப்படவே இல்லை. அப்போது அவருக்கு 27 வயது. எடின்பரோக்காரர். நோஞ்சான் உடம்பு. அப்பா கலங்கரை விளக்கங்கள் கட்டுகிற பெரிய பொறியாளர். பிள்ளையோ பொறியியலை விட்டு, படித்த சட்டத்தையும் விட்டு, எழுதித்தான் பிழைப்பேன் என்று சுற்றிக்கொண்டிருந்தார். இந்த மாதிரிப் பிள்ளைகள் எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் உண்டு போலிருக்கிறது.

அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1876-ல், பாரிஸுக்குத் தெற்கே க்ரே என்ற கிராமத்தில் அவர் ஃபேனி ஆஸ்போர்ன் என்ற அமெரிக்கப் பெண்ணைச் சந்தித்திருந்தார். அவரைவிடப் பத்து வயது மூத்தவர். கல்யாணம் ஆனவர், குழந்தைகள் இருப்பவர். காதல் வந்துவிட்டது. 1878 ஆகஸ்டில் ஃபேனி கலிபோர்னியாவுக்கு, கணவர் இருக்கும் ஊருக்கே, திரும்பிப் போய்விட்டார். திரும்பி வருவாரா, விவாகரத்து வாங்குவாரா... எதுவும் தெரியாது. கையில் காசும் இல்லை.

இந்த நிலைமையில் ஒரு மனிதர் என்ன செய்வார்? ஸ்டீவன்சன் மலைப்பகுதியில் இருக்கும் ல மொனாஸ்தியே என்ற சிறிய ஊருக்கு வந்து ஒரு மாதம் போலத் தங்கினார். பிறகு தெற்கு நோக்கி நடக்க முடிவு செய்தார். வழியில் சத்திரம் கிடைக்காவிட்டால் வெளியில் படுக்க வேண்டுமே என்று, உள்பக்கம் ஆட்டு ரோமமும் வெளிப்பக்கம் தண்ணீர் புகாத வண்டித் துணியும் வைத்து ஒரு பெரிய படுக்கைப் பையைத் தைக்கச் சொன்னார். பை வந்ததும்தான் சிக்கல் தெரிந்தது. அதைத் தூக்கிக்கொண்டு மனிதன் நடக்க முடியாது!

அதற்காகத்தான் கழுதை. நாயைவிடக் கொஞ்சம் பெரிதாக, எலியின் நிறத்தில் ஒரு பெண் கழுதை. விலை 65 பிராங்க், கூட ஒரு கிளாஸ் பிராந்தி. படுக்கைப் பைக்கோ 80 பிராங்கும் இரண்டு கிளாஸ் பீரும் ஆகியிருந்தது. ஆகக் கழுதைதான் மலிவு என்று அவரே கணக்குப் போட்டுச் சிரிக்கிறார். அதற்கு மோதெஸ்தீன் என்று பெயரும் வைத்தார்.

செப்டம்பர் 22-ஆம் தேதி கிளம்பினார்கள். மோதெஸ்தீன் நடந்த வேகம் இருக்கிறதே, அதை நடை என்று சொல்வதே தப்பு. அடித்தால் நாலு எட்டு, அடிக்காவிட்டால் நின்றுவிடும். அடிக்க அவருக்கு மனம் வரவில்லை; அடிக்காமலும் முடியவில்லை. வழியில் ஒரு குடியானவர் வந்து, புதரில் ஒரு குச்சி ஒடித்து, "ப்ரூட்!" என்று கத்தினால் போகும் என்று சொல்லிக்கொடுத்தார். கொஞ்ச தூரம் போயிற்று. அடுத்த கிராமத்தில் மூட்டை முழுக்கச் சரிந்து தெருவில் விழ, ஊரே கூடிச் சிரித்தது. கடைசியில் ஒரு சத்திரக்காரர் கம்பு நுனியில் ஊசி மாதிரி ஒரு முள் வைத்துக் கொடுத்தார். அதற்கப்புறம்தான் வண்டி ஓடியது.

பாவம், கழுதை. இதை எல்லாம் அவர் மறைக்கவில்லை. 1879-ல் வந்த 'செவென் மலையில் ஒரு கழுதையோடு பயணம்' என்ற புத்தகத்தில் தன் கொடுமை, தன் வெட்கம், தன் முட்டாள்தனம் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறார். புத்தகம் இன்றும் விற்கிறது. கழுதையோடு நடப்பதும் அதனால்தான் இன்றும் நடக்கிறது.

சிவப்பு, வெள்ளைக் கோடு

இப்போது அந்தப் பாதைக்கு ஜி.ஆர். 70 என்று பெயர். ஸ்டீவன்சன் 12 நாளில் சுமார் 200 கிலோமீட்டர் நடந்தார். இன்றைய பாதை ல புய் என்ற ஊரிலிருந்து அலெஸ் நகரம் வரை 270 கிலோமீட்டர் அளவுக்கு நீட்டப்பட்டிருக்கிறது. பிரான்ஸ் முழுக்க இப்படி நீண்ட நடைபாதைகள் உண்டு. 1947-ல் முதல் பாதைக்குக் குறியிட்டார்கள். குறி என்றால் பெரிய பலகை எல்லாம் இல்லை. மரத்திலோ பாறையிலோ சுவரிலோ உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு கோடு: மேலே வெள்ளை, கீழே சிவப்பு. அதுவே பெருக்கல் குறி மாதிரி இருந்தால், 'இந்தப் பக்கம் வராதே' என்று அர்த்தம். இதைப் பெரும்பாலும் தொண்டர்கள்தான் பெயிண்ட் டப்பாவோடு போய்ப் புதுப்பிக்கிறார்கள்.

நடக்கிறவர்களுக்கு இந்தக் கோடு ஒரு போதை மாதிரி. கொஞ்ச நேரம் காணவில்லை என்றால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். கண்டதும் ஏதோ சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும். ராத்திரி தங்க 'ழீத்' என்கிற எளிய விடுதிகள் உண்டு. ஒரே அறையில் நாலைந்து கட்டில். ஒரே மேசையில் முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் சேர்ந்து சாப்பாடு. யாருக்குக் கால் கொப்புளம், யார் வழி தவறினார், நாளைக்கு மழையா... பேச்சு இவ்வளவுதான். ஊரில் கடை திறந்திருக்கும் நேரம் தெரியாமல் போய்ப் பட்டினி கிடக்கிற அனுபவமும் அநேகமாக எல்லோருக்கும் கிடைக்கும்.

பாதையின் தொடக்கம் பழைய எரிமலைகளின் மேட்டுநிலம். கறுத்த பாறை, பச்சைப் பருப்பு விளைகிற வயல்கள், காற்று. அப்புறம் ழெவோதான் என்று பழைய பெயர் கொண்ட பகுதி. 1764-லிருந்து 1767 வரை ஓநாய் மாதிரி ஒரு மிருகம் இங்கே நூறு பேர் அளவில் கொன்றது என்பது வரலாறு. மேய்க்கப் போன பெண்களும் பிள்ளைகளும்தான் அதில் அதிகம். அரசர் பதினைந்தாம் லூயி தன் ஆட்களையே வேட்டைக்கு அனுப்பினார்.

நம்ம ஸ்டீவன்சன் இந்தப் பகுதியில்தான் இருட்டில் வழி தவறினார். மழை வேறு. ஒரு வீட்டுக் கதவைத் தட்டி வழி காட்டச் சொன்னால், வீட்டுக்காரர் இருட்டைக் காரணம் காட்டி வாசற்படி தாண்ட மறுத்துவிட்டார். ஸ்டீவன்சனுக்கு வந்த கோபத்தில், அந்த மிருகம் இந்த ஊர்க்காரர்களைத் தின்றதில் தப்பே இல்லை என்கிற அளவுக்குப் போய்விட்டார்! ஆனால் கொஞ்சம் யோசித்தால் அந்த வீட்டுக்காரர் பக்கமும் நியாயம் தெரியும். தாத்தா பாட்டி சொன்ன கதை அவருக்கு வெறும் கதை இல்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பிரான்ஸிலிருந்து ஓநாய்கள் மறைந்தன. 1992-ல் ஆல்ப்ஸ் பக்கம் இத்தாலியிலிருந்து திரும்பி வந்தன. இப்போது இந்த மலைகளிலும் நடமாடுகின்றன. ஆடு வைத்திருப்பவர்கள் பெரிய வெள்ளைக் காவல் நாய்களை வளர்க்கிறார்கள். மந்தை கண்ணில் பட்டால் நடக்கிறவர்கள் சுற்றிப் போக வேண்டும் என்று பலகை வைத்திருக்கிறார்கள்.

எது இடிபாடு?

ல்யூக் என்ற ஊரில் குன்றின் மேல் ஓர் இடிந்த கோட்டை. உடைந்த கோபுரத்தின் மேல் மாதா சிலை. ஸ்டீவன்சன் வந்தபோது அந்தச் சிலை புதிது. எல்லோரும் அங்கே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். இடிபாடு என்றால் இதுதான் என்று நமக்கும் தோன்றும். கோட்டை, கோபுரம், மாதா, மேகம்... அழகாகத்தான் இருக்கிறது.

ஆனால் இன்னும் சில நாள் தெற்கே நடந்த பிறகு, காட்டுக்குள் வேறு ஒன்று கண்ணில் படத் தொடங்கும். சரிவில் மரங்களுக்கு நடுவே, பாசி பிடித்த ஒரு வரிசைக் கல். கொஞ்சம் மேலே இன்னொரு வரிசை. அதற்கும் மேலே இன்னொன்று. சிமெண்ட், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கல்லின் மேல் கல் அடுக்கிக் கட்டிய சுவர்கள். முதலில் மனம் அதைக் கவனிக்காது. கவனித்துவிட்டால் அப்புறம் விடாது. மலை முழுக்கச் சுவர். இவ்வளவு அடர்ந்த காட்டுக்குள் யார் வந்து சுவர் கட்டினார்கள்?

யாரும் காட்டுக்குள் வந்து கட்டவில்லை. அவர்கள் கட்டியபோது அங்கே இந்தக் காடே கிடையாது!

செவென் மலையின் சரிவுகள் செங்குத்தானவை. மழை வந்தால் மொத்தமாகக் கொட்டும்; மண் அடித்துக்கொண்டு போய்விடும். ஆகவே ஒவ்வொரு குடும்பமும் சரிவைப் படி படியாக வெட்டி, கல் சுவர் வைத்து, மண் நிரப்பி நிலம் உண்டாக்கியது. சரிந்து விழுந்த மண்ணைக் கூடையில் சுமந்து மறுபடி மேலே கொண்டுபோய்க் கொட்டினார்கள். இப்படிப் பல தலைமுறை. அந்தப் படி நிலங்களில் நின்றவை இரண்டு மரங்கள்.

ஒன்று செஸ்ட்நட். கோதுமை விளையாத மலையில் அதுதான் சோறு. அதை 'ரொட்டி மரம்' என்றே சொன்னார்கள். இலையுதிர் காலத்தில் காய் பொறுக்கி, சின்னக் கல் குடிசையின் பரண் மேல் பரப்பி, கீழே வாரக் கணக்கில் மெல்லிய நெருப்பு வைத்துப் புகை மூட்டிக் காயவைப்பார்கள். தோல் நீக்கிய காய்ந்த பருப்பு குளிர்காலம் முழுக்கக் கஞ்சிக்கு ஆகும். இந்தக் காயவைக்கும் குடிசைகளுக்குக் 'கிளேத்' என்று பெயர். கூரை இடிந்த கிளேத் ஒன்றையாவது பார்க்காமல் இந்தப் பாதையில் ஒரு நாளைக் கழிக்க முடியாது.

இன்னொன்று மல்பெரி. அது 'பொன் மரம்'. பட்டுப்புழுவுக்கு இலை. வசந்த காலத்தில் பெண்கள் பட்டுப்பூச்சி முட்டைகளைச் சிறு பையில் போட்டு ஆடைக்குள் வைத்து, உடல் சூட்டிலேயே பொரிக்க வைப்பார்கள். புழு வளர்க்க வீட்டின் மேல்தளத்தையே ஒதுக்கினார்கள். இன்றும் அந்தப் பக்கக் கிராமங்களில் வீடுகள் ஒல்லியாக உயரமாக நிற்பதற்கு ஒரு காரணம் அதுதான்: அந்த மேல்தளம் மனிதருக்கு அல்ல, புழுவுக்கு.

1850-களில் புழுக்களுக்கு நோய் வந்தது. உடம்பில் மிளகுப் பொடி தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள். பண்ணைகள் காலி ஆயின. 1865-ல் அரசு ஒரு வேதியியலாளரை அலெஸ் நகரத்துக்கு அனுப்பியது. அவர் அதற்கு முன் பட்டுப்புழுவைத் தொட்டதே இல்லையாம். பெயர் லூயி பாஸ்டர்! முட்டையிட்ட பூச்சியை நுண்ணோக்கியில் சோதித்து, நோய் இல்லாத முட்டைகளை மட்டும் வைத்துக்கொள்ளும் வழியை அவர் கண்டுபிடித்தார். நோய் அடங்கியது. ஆனால் 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்து ஆசியப் பட்டு மலிவாக வந்து இறங்கியது. அப்புறம் செயற்கைப் பட்டு. அதே சமயத்தில் செஸ்ட்நட் வேரிலும் ஒரு நோய் புகுந்தது. நல்ல மரங்களையும் தோல் பதனிடும் சாறு எடுக்கிற தொழிற்சாலைகளுக்கு வெட்டி விற்றார்கள். அலெஸ் பக்கத்து நிலக்கரிச் சுரங்கங்கள் ஆள் கேட்டன. நகரங்கள் ஆள் கேட்டன. 1914-ல் போர் ஆள் கேட்டது.

ஒவ்வொரு கிராமத்திலும் அந்தப் போரில் செத்தவர்களின் பெயர்க் கல் ஒன்று நிற்கிறது. பத்து வீடு தெரிகிற ஊரில் இருபது முப்பது பெயர். ஒரே குடும்பப் பெயர் இரண்டு முறை, மூன்று முறை. தண்ணீர் பிடிக்க நிற்கிற நடைபயணி அதை ஒரு முறை வாசித்துவிட்டால், அதற்கப்புறம் வருகிற காடு வேறு மாதிரித் தெரியும்.

லொசேர் மாவட்டத்தில் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் 1,40,000 பேருக்கு மேல் இருந்தார்கள். இன்று 80,000-க்கும் குறைவு. பிரான்ஸின் பெருநிலப்பகுதியிலேயே மக்கள் தொகை மிகக் குறைந்த மாவட்டம் அதுதான். மனிதர் குறையக் குறைய மரம் கூடியது. சில மலைகளில் அரசே நட்டது: மேய்ச்சலும் மரம் வெட்டும் சேர்ந்து மலைகளை மொட்டையாக்கி, கீழே ஊர்களை வெள்ளம் அடித்ததால், ஜார்ஜ் ஃபாப்ர் என்ற வன அதிகாரி 1875-லிருந்து எகுவால் மலையில் பெரிய அளவில் காடு வளர்த்தார். மற்ற இடங்களில் ஆள் போனதும் காடு தானே வந்தது. பிரான்ஸ் முழுக்கப் பார்த்தாலும் இதே கதை. 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் சுமார் 90 லட்சம் ஹெக்டேர் காடு. இன்று 170 லட்சத்துக்கும் மேல்.

ஆக, அந்தப் பாதையில் நடக்கிறவர் 'ஆதிகாலத்துக் காடு' என்று நினைத்து மூச்சை இழுத்து விடுகிற இடம், பல சமயம் யாருடைய கொல்லையோ. இடிந்த கோட்டைக்குப் பலகை உண்டு, படம் உண்டு, கதை உண்டு. இந்தச் சுவர்களுக்கு எதுவும் கிடையாது.

பாலத்து ஊர்

லொசேர் மலை பாதையின் உச்சம். 1,699 மீட்டர். மேலே மரம் கிடையாது. புல், காற்று, பனிமூட்டத்தில் மந்தைக்காரர்கள் வழி தவறாமல் இருக்க நட்ட உயரமான கருங்கற்கள். உச்சி தாண்டி இறங்கினால் தார்ன் ஆற்றின் மேல் ஒரு கல் பாலம், அதில் ஒரு கடிகாரக் கோபுரம், சுற்றிச் சின்ன ஊர். பொன் த மோன்வேர்.

1685-ல் பதினான்காம் லூயி புராட்டஸ்டண்டு மதத்துக்குப் பிரான்ஸில் இடமில்லை என்று ஆணையிட்டார். செவென் மலைக்காரர்களில் பெரும்பாலோர் புராட்டஸ்டண்டுகள். கோயில்களை இடித்தார்கள்; ஜெபிக்கக் காட்டுக்குப் போனவர்களைப் பிடித்துத் தூக்கிலிட்டார்கள், கப்பலில் துடுப்புப் போட அனுப்பினார்கள். இந்த ஊரில் தங்கியிருந்த து ஷேலா என்ற பாதிரியார் பிடிபட்டவர்களைத் தன் வீட்டிலேயே அடைத்துச் சித்திரவதை செய்தார். 1702 ஜூலை 24-ஆம் தேதி ராத்திரி, ஒரு கூட்டம் சங்கீதம் பாடிக்கொண்டே வந்து கைதிகளை விடுவித்து, வீட்டைக் கொளுத்தி, அவரைக் குத்திக் கொன்றது. முன்னின்ற எஸ்ப்ரி செகியேயை அடுத்த மாதமே அதே ஊரில் உயிரோடு எரித்தார்கள்.

இதுதான் கமிசார் போரின் தொடக்கம். கம்பளி நெய்கிறவர்கள், மேய்ப்பர்கள், குடியானவர்கள் ஒரு பக்கம். அரசனின் படை இன்னொரு பக்கம். அவர்களின் தளபதிகளில் ஒருவரான ழான் கவாலியே ரொட்டிக் கடையில் வேலை கற்ற பையன், இருபது இருபத்தொரு வயது. பையன்களைப் பிடிக்க முடியாத படை 1703-ல் ஊர்களைப் பிடித்தது. மலையில் 450-க்கும் மேற்பட்ட கிராமங்களையும் குடியிருப்புகளையும் இடித்து எரிக்க உத்தரவானது. 1704-ல் பெரும்பாலும் அடங்கிவிட்டது. புராட்டஸ்டண்டுகளுக்குச் சட்டப்படி பிறப்பு, திருமணம், இறப்பைப் பதிவு செய்யும் உரிமை கிடைக்க 1787 வரை ஆயிற்று. அதுவரை ஊர்க் கல்லறையில் இடம் இல்லாததால், செத்தவர்களைத் தங்கள் நிலத்திலேயே புதைத்தார்கள். அந்த வழக்கம் பிறகும் நிலைத்தது. இன்றும் பாதையோரம் பழைய பண்ணை வீட்டுக்குப் பக்கத்தில் நாலைந்து கல்லறைகளைப் பார்க்கலாம்.

ஸ்டீவன்சன் புராட்டஸ்டண்டாக வளர்ந்தவர். இதற்கு மூன்று நாள் முன்பு அவர் 'பனிமாதா' மடத்தில் கத்தோலிக்கத் துறவிகளோடு தங்கியிருந்தார். பயந்துகொண்டே போனவரைத் துறவிகள் அன்பாக வைத்துக்கொண்டார்கள். அங்கே விருந்தாளியாக வந்த ஒரு பாதிரியாரும் ஒரு பழைய ராணுவக்காரரும்தான் மதம் மாறச் சொல்லி உயிரை எடுத்தார்கள். (எங்கேயும் சாமியார்களைவிடப் பக்தர்கள்தான் கெடுபிடி!) பிறகு இந்தப் பள்ளத்தாக்குகளில், ஒரு காலத்தில் ஒருவரை ஒருவர் எரித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இரண்டு மதமாகவே இருந்துகொண்டு அமைதியாக வாழ்வதைப் பார்த்து ஆச்சரியப்பட்டு எழுதுகிறார். இரண்டாம் உலகப் போரில் இதே மலை வீடுகள் யூதர்களை ஒளித்து வைத்தன. ஒளிந்து வாழ்வது என்றால் என்ன என்று அந்த வீடுகளுக்குத் தெரிந்திருந்தது.

புல்லில் போட்ட காசு

லொசேர் மலையேறும் முன் ஒரு ராத்திரி ஸ்டீவன்சன் பைன் மரங்களுக்கு நடுவே வெளியில் படுத்தார். நட்சத்திரம், மரவாசனை, மோதெஸ்தீன் புல் மேய்கிற சத்தம். இவ்வளவு சுகத்திலும் ஒரு குறை: பக்கத்தில் பேசாமல் படுத்திருக்க ஒரு துணை வேண்டும் என்று எழுதுகிறார். யாரை நினைத்து எழுதினார் என்பதில் சந்தேகமே இல்லை. இந்தப் புத்தகத்தில் நிறையப் பகுதி ஃபேனிக்காகவே எழுதியது என்று பிறகு ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டார்.

காலையில் கிளம்பும்போது அவர் ஒரு வேடிக்கை செய்தார். இவ்வளவு நல்ல அறை, இவ்வளவு நல்ல கூரை, தண்ணீர், காட்சி எல்லாம் கொடுத்த இடத்துக்கு வாடகை தராமல் போவது முறையா? புல்லில் சில காசுகளைப் போட்டுக்கொண்டே நடந்தார். ஒரு ராத்திரி வாடகைக்குச் சரியாக இருக்கும் வரை.

அக்டோபர் 3-ஆம் தேதி சேன் ழான் து கார் வந்து சேர்ந்தார். மறுநாள் கழுதையால் நடக்க முடியாது, ஓய்வு வேண்டும் என்றார்கள். அலெஸில் கடிதங்கள் காத்திருக்கின்றன. அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சேணத்தோடு சேர்த்து 35 பிராங்குக்குக் கழுதையை விற்றுவிட்டுக் குதிரை வண்டியில் ஏறினார். வண்டி கொஞ்ச தூரம் போன பிறகுதான் உறைத்தது. பன்னிரண்டு நாள் கையிலிருந்து ரொட்டி தின்ற ஜீவன். அடித்தது எல்லாம் ஞாபகம் வந்தது. வண்டியிலேயே அழுதார். (அடுத்த வருடம் கப்பல் ஏறிக் கலிபோர்னியா போனார், 1880-ல் ஃபேனியை மணந்தார். அந்தக் கதை சுபம்.)

விட்டுவிட்டு வந்த பிறகுதான் அருமை தெரிவது கழுதை விஷயத்தில் மட்டும்தானா? அந்த மலையே அப்படித்தான். ஆள் எல்லாம் போன பிறகு 1970-ல் தேசியப் பூங்கா வந்தது. 2011-ல் யுனெஸ்கோ அந்த நிலத்தை உலகப் பாரம்பரியம் என்றது. அதில் கவனிக்க வேண்டியது, அந்தப் பெருமை காட்டுக்குத் தரப்படவில்லை. ஆடு மேய்த்து, கல் அடுக்கி, அந்த நிலத்தை உருவாக்கிய மனிதர்களின் வாழ்க்கை முறைக்குத் தரப்பட்டது.

கசாஞா என்ற ஊர் அருகே பாதை ஒரு பழைய ரயில் தடத்தின் மேலேயே போகிறது. 1909-ல் திறந்து, 1968-ல் மூடிய தடம். தண்டவாளம் இல்லை, குகைப்பாதை இருக்கிறது. மிருகங்களுக்குக் காடு திரும்பியது நல்ல சேதி. கல் சுமந்தவர்களுக்கு அது தோல்வி. இரண்டும் ஒரே மரத்தில் இருக்கிறது. எதற்குச் சந்தோஷப்படுவது, எதற்கு வருத்தப்படுவது என்று நடக்கிறவர்தான் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

ஆனால் ஒன்று மட்டும் நிச்சயம். இன்று அந்த வழியில் சில ரொட்டிக் கடைகளும், சில விடுதிகளும், சில வீடுகளின் விளக்கும் அணையாமல் இருப்பதற்கு நடக்க வருகிறவர்கள் செலவழிக்கிற காசும் ஒரு காரணம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு, ஒரு துண்டு ஆட்டுப்பால் சீஸுக்கு, ஒரு பாட்டில் செஸ்ட்நட் ஜாமுக்குக் கொடுக்கிற காசு. சில இடங்களில் இளைஞர்கள் திரும்பி வந்து, விழுந்த சுவரை மறுபடி அடுக்கி, வெங்காயம் போடுகிறார்கள். பழைய செஸ்ட்நட் மரங்களைக் கழித்துவிட்டுக் காய் எடுக்கிறார்கள்.

1878-ல் ஒரு நோஞ்சான் எழுத்தாளர் விளையாட்டாகப் புல்லில் போட்ட காசு வீண் போகவில்லை. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் இன்னும் அந்த வாடகையைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அடுத்த முறை நீங்கள் எந்தக் காட்டில் நடந்தாலும் சரி, கால் அடியில் ஒரு வரிசைக் கல் தெரிந்தால் கொஞ்சம் நின்று பாருங்கள். யாரோ முதுகில் சுமந்து வைத்த கல்லாக இருக்கும்.